கழுத்து நரம்பில் ஒரு நிமிட மின்தூண்டல்: முடக்குவாத மூட்டின் அழற்சி எவ்வாறு தணிகிறது?

2025 ஜூலை இறுதியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்துக்கு உடலுக்குள் பொருத்தும் மின்கருவி ஒன்றை அனுமதித்தது. கலிஃபோர்னியாவின் செட்பாயிண்ட் மெடிக்கல் நிறுவனம் உருவாக்கிய அக்கருவி சுமார் ஓர் அங்குல நீளமே உடையது. கழுத்தின் இடப்புறம் ஓடும் வேகஸ் நரம்பின்மேல் அறுவை சிகிச்சை மூலம் அமர்த்தப்பட்டு, நாளுக்கு ஒரு நிமிடம் மட்டும் அந்நரம்பைத் தூண்டுகிறது. செய்தி வெளியானபின் இருவகைக் குழப்பம் எழுந்தது. மூட்டு வீக்கத்துக்குக் காரணம் நோயெதிர்ப்பு மண்டலம் என்றால் கழுத்து நரம்புக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் வியந்தனர். இனி மாத்திரையும் ஊசியும் தேவையில்லை என்று வேறு சிலர் முடிவு கட்டிவிட்டனர்.

இரண்டு கூற்றுகளை இங்கே தனித்தனியே எடைபோட வேண்டியிருக்கிறது. நரம்புகளால் நோயெதிர்ப்புச் செல்களை அடக்க முடியும் என்பது ஒன்று. இந்தக் கருவி ஒரு குறிப்பிட்ட நோயாளியின் மூட்டைத் தணிக்கும் என்பது மற்றொன்று. முதல் கூற்றுக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த வலுவான சான்றுகள் உள்ளன. இரண்டாவதற்கும் சான்று உண்டு, ஆனால் அது அடக்கமான அளவிலேயே இருக்கிறது. பத்திரிகைத் தலைப்புகள் முதலாவதன் வலுவை இரண்டாவதன் கணக்கில் வரவு வைத்ததில்தான் குழப்பம் தொடங்கியது.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

முதுமையில் முழங்கால் தேய்ந்து வரும் வலியும் முடக்குவாதமும் வெவ்வேறு நோய்கள். முன்னதில் குருத்தெலும்பு தேய்கிறது. பின்னதில் உடலின் பாதுகாப்புப் படையே மூட்டைத் தாக்குகிறது. உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவானவர்களை இந்நோய் பாதிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. பெரும்பாலும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் தொடங்கி, இரு கைகளிலும் ஒத்தாற்போல் பரவும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிப்பதும், ரவிக்கைக் கொக்கியை மாட்டவோ தம்ளரைப் பற்றவோ இயலாமல் போவதும் இந்நோயின் அடையாளங்கள்.

மேலே செல்லுமுன் நான்கு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

1. மூட்டுறைச் சவ்வு: மூட்டின் உட்புறத்தைப் போர்த்தி, வழவழப்பான திரவத்தைச் சுரக்கும் மெல்லிய படலம். முடக்குவாதத்தில் இது தடித்துப் பெருகி, அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது.

2. மேக்ரோஃபேஜ்: கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கும் ஒருவகை வெள்ளையணு. ஆபத்தை உணர்ந்ததும் வேதிச் செய்திகளை வெளியிட்டு மற்றச் செல்களை அழைப்பதும் இதன் பணி.

3. சைட்டோகைன்: நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அந்த வேதிச் செய்திக்கான பொதுப்பெயர். முடக்குவாதத்தில் முதன்மையானவை டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-6 ஆகிய இரண்டும்.

4. தன்னெதிர்ப்பொருள்: உடலின் சொந்தப் புரதத்தையே அந்நியமெனக் கருதி உருவாகும் எதிர்ப்புப் புரதம். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் காணும் ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

டி.என்.எஃப்-இன் முக்கியத்துவத்தை மருத்துவ உலகம் உணர்ந்தது லண்டனில். மார்க் ஃபெல்ட்மான், ரவீந்தர் மைனி ஆகியோர் 1992-இல் அதை முடக்கும் எதிர்ப்பொருளை முடக்குவாத நோயாளிகளுக்குச் செலுத்தத் தொடங்கினர். மூட்டுகள் விரைவில் தணிந்தன. இன்ஃப்ளிக்சிமாப், எட்டனர்செப்ட், அடலிமுமாப் முதலிய உயிரியல் மருந்துகள் (உயிருள்ள செல்களில் தயாராகும் புரத மருந்துகள்) அந்தக் கருத்தின் வழியில் வந்தவை. முதல்நிலை மருந்தாக மெத்தோட்ரெக்சேட் இன்றும் நீடிக்கிறது. அதற்குப் பணியாத நோய்க்கு உயிரியல் மருந்துகளும், செல்லுக்குள் சைட்டோகைன் செய்தியைக் கடத்தும் ஜேக் நொதியைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் போன்ற ஜேக் தடுப்பு மாத்திரைகளும் தரப்படுகின்றன.

இவற்றின் குறைகளும் தெரிந்தவையே. கணிசமான நோயாளிகளுக்கு இவை போதிய பலன் தருவதில்லை, அல்லது சில ஆண்டுகளில் பலன் மங்கிவிடுகிறது. டி.என்.எஃப்-ஐ முழுவதுமாகக் கட்டிப்போட்டால் உடலுக்குள் உறங்கிக்கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால், இந்தியாவில் இம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை தவறாமல் கேட்கப்படுகிறது. ஜேக் தடுப்பான்களுக்கு 2021-இல் அமெரிக்காவில் மாரடைப்பு, புற்றுநோய், இரத்தக்கட்டு ஆகியவை குறித்த கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. வேறு வழி தேடப்பட்டதன் பின்னணி இதுதான்.

எலியின் மூளைக்குள் செலுத்திய மருந்து

அவ்வழி தேடிக் கிடைத்ததைவிடத் தற்செயலாகக் கிடைத்தது என்பதே பொருத்தம். நியூயார்க் மாநிலத்தின் மன்ஹாசெட்டில், இன்று ஃபைன்ஸ்டீன் நிறுவனம் என அறியப்படும் ஆய்வு மையத்தில், நரம்பு அறுவை மருத்துவரான கெவின் டிரேசியின் குழு 1990-களில் டி.என்.எஃப் சுரப்பைத் தடுக்கும் மருந்தொன்றை ஆராய்ந்துவந்தது. அம்மருந்தை மிகச் சிறிய அளவில் எலியின் மூளைக்குள் செலுத்தியபோது மூளையில் மட்டுமன்றி உடலின் பிற பகுதிகளிலும் டி.என்.எஃப் குறைந்தது. செலுத்திய அளவோ இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவிச் செயல்படப் போதவே போதாது. அப்படியானால் மூளையிலிருந்து உடலுக்குச் செய்தியைக் கொண்டுசென்றது எது? வேகஸ் நரம்பை வெட்டிப் பார்த்தபோது அந்த விளைவு மறைந்துவிட்டது.

வேகஸ் என்பது மண்டையிலிருந்து நேராகப் புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் பத்தாவது. கழுத்தின் இரு புறமும் இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் எனப் பல உறுப்புகளுக்குக் கிளைவிடுகிறது. இதயத் துடிப்பை மெதுவாக்குவதும் செரிமானத்தைத் தூண்டுவதும் பாடநூல்கள் இதற்குச் சொல்லும் வேலைகள். பலரும் கவனிக்காத ஒரு செய்தி: இந்நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை, எஞ்சியவையே மூளையின் கட்டளையைக் கீழே எடுத்துவருகின்றன. பின்னால் வரும் சர்ச்சை இந்த விகிதத்தைப் பற்றிக்கொண்டே எழுந்தது.

2000-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியான சோதனை இத்துறையின் அடித்தளம். பாக்டீரியாவின் நச்சுப்பொருளை எலிகளுக்குச் செலுத்தினால் டி.என்.எஃப் பொங்கி, இரத்த அழுத்தம் சரிந்து, எலிகள் அதிர்ச்சி நிலைக்குப் போகும். வேகஸ் நரம்பை வெட்டி, உடலை நோக்கிய முனையை மின்சாரத்தால் தூண்டிய எலிகளில் டி.என்.எஃப் குறைந்தது, அதிர்ச்சியும் தடுக்கப்பட்டது. சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கை தானே விலகுவது போன்ற அனிச்சைச் செயலொன்று அழற்சிக்கும் உண்டு என 2002-இல் டிரேசி வாதிட்டார். மூளை உடலிலுள்ள அழற்சியை நரம்பு வழியே உணர்கிறது, நரம்பு வழியே அதைக் கட்டுப்படுத்துகிறது என்பதே அதன் சாரம். 'அழற்சி அனிச்சை' என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

கட்டளை எந்த வழியே செல்கிறது?

அடுத்த பத்தாண்டுகளில் இப்பாதையின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன. இன்று பரவலாக எடுத்துரைக்கப்படும் வரிசை பின்வருமாறு.

1. மூளைத்தண்டிலிருந்து வரும் கட்டளை வேகஸ் நரம்பின் வழியே வயிற்றுப் பகுதியின் நரம்பு முடிச்சுக்கு வருகிறது.

2. அங்கிருந்து மண்ணீரல் நரம்பு அதை ஏற்று மண்ணீரலுக்குக் கொண்டுசெல்கிறது. இரத்தத்தை வடிகட்டுவதோடு, வெள்ளையணுக்கள் திரண்டிருக்கும் பெரிய களமாகவும் விளங்குவது மண்ணீரல். இதை நீக்கிவிட்ட விலங்குகளில் வேகஸைத் தூண்டியும் டி.என்.எஃப் குறையவில்லை.

3. மண்ணீரல் நரம்பின் நுனி நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. அருகிலுள்ள டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களில் ஒருவகையின் பீட்டா-2 ஏற்பியில் அது பொருந்துகிறது. ஏற்பி என்பது குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து பொருந்துவதற்கென்று செல்லின்மேல் இருக்கும் புரதம்.

4. தூண்டப்பட்ட அந்த டி செல்கள் அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. நரம்புகளின் வேதிப்பொருள் என்று எண்ணப்பட்டதை ஒரு வெள்ளையணு தானே தயாரிப்பதை 2011-இல் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தபோது துறையினர் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

5. அசிட்டைல்கோலின், மேக்ரோஃபேஜின்மேல் உள்ள ஆல்ஃபா-7 என்னும் நிக்கோட்டினிக் ஏற்பியில் பொருந்துகிறது. உடனே செல்லுக்குள் டி.என்.எஃப் தயாரிப்பை முடுக்கும் வேதித்தொடர் தடைபடுகிறது. இந்த ஏற்பி இல்லாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகளில் வேகஸைத் தூண்டிப் பயனில்லை என்பது 2003-இல் காட்டப்பட்டது.

உயிரியல் மருந்துக்கும் நரம்புத் தூண்டலுக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கடைசிக் கண்ணியில் தெளிவாகிறது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும்போது வாளியால் இறைத்துக் கொட்டுவது ஒரு வழி, மோட்டாரின் வேகத்தைக் குறைப்பது இன்னொரு வழி. இன்ஃப்ளிக்சிமாப் செய்வது முன்னதை. நரம்பு செய்வது பின்னதை. நரம்பு டி.என்.எஃப் சுரப்பைக் குறைக்கிறதேயொழிய அடியோடு நிறுத்துவதில்லை. கிருமியை எதிர்க்கும் ஆற்றல் பெருமளவு மிஞ்சும் என்ற எதிர்பார்ப்புக்கும் இதுவே அடிப்படை.

ஐந்தாவது கண்ணியைப் படித்ததும் ஒரு குறுக்குவழி சிலருக்குத் தோன்றலாம். நிக்கோட்டினிக் ஏற்பியில் நிக்கோட்டினும் பொருந்துமல்லவா, புகைபிடித்தால் மூட்டு தணியாதா? உண்மை நேர் எதிரானது. முடக்குவாதத்தைத் தூண்டும் புறக்காரணிகளில் மிக உறுதியாக நிறுவப்பட்டவற்றுள் ஒன்று புகைப்பழக்கம்; ஆன்டி-சி.சி.பி உள்ளவர்களிடம் அத்தொடர்பு இன்னும் வலுவானது. ஒரே ஓர் ஏற்பியை வைத்துக்கொண்டு முழு மனிதருக்கு வைத்தியம் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு தேவையில்லை.

பாதையைப் பற்றிய வழக்கு

மேற்கண்ட வரிசை அழகாக இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு கண்ணிகளைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. மண்ணீரலுக்குச் செல்லும் நரம்பு வேகஸின் கிளையன்று. அது பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. இதயத்தை வேகமாக்கி உடலை ஆபத்துக்கு ஆயத்தப்படுத்துவது பரிவு மண்டலம். வேகஸோ அதற்கு எதிராகச் செயல்படும் எதிர்ப்பரிவு மண்டலத்தின் தலைமை நரம்பு. வேகஸின் இழைகள் மண்ணீரல் நரம்பின் செல்களோடு நேரடியாக இணைகின்றனவா என்று நுணுகித் தேடிய சில ஆய்வாளர்கள் அத்தகைய இணைப்பைக் காணவில்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ராபின் மெக்காலன், டவீடே மார்ட்டெல்லி ஆகியோரின் குழு விலங்குகளில் நடத்திய சோதனைகள் வேறொரு முடிவுக்கு இட்டுச்சென்றன. உடலில் நச்சுப்பொருள் நுழைந்ததும் இயல்பாகவே டி.என்.எஃப்-ஐ அடக்கும் நரம்புக் கட்டளை, வேகஸ் வழியே அல்லாமல், தண்டுவடத்திலிருந்து வயிற்றுக்கு வரும் ஸ்ப்ளாங்க்னிக் என்னும் பரிவு நரம்பின் வழியே செல்கிறது என்கிறார்கள் அவர்கள். அந்நரம்பை வெட்டினால் டி.என்.எஃப் பொங்குகிறது, வேகஸை வெட்டினால் அவ்வளவு மாற்றமில்லை.

இதனால் கருவியின் பலன் பொய்யாகிவிடாது. வேகஸின் இழைகளில் பெரும்பாலானவை மூளையை நோக்கிச் செல்பவை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். கழுத்தில் தூண்டும் மின்சாரம் முதலில் மேலேறி மூளைத்தண்டைத் தட்டியெழுப்பி, அங்கிருந்து பரிவு நரம்பின் வழியே கட்டளை இறங்கியிருக்கக்கூடும். 2024-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் சுக்கர் குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களையும் தணிக்கும் சைட்டோகைன்களையும் வேகஸின் வெவ்வேறு நரம்புச் செல்கள் உணர்ந்து மூளைத்தண்டின் ஒரு பகுதிக்குத் தெரிவிக்கின்றன என்று அது காட்டியது. அப்பகுதியைச் சுண்டெலிகளில் செயலிழக்கச் செய்தபோது அழற்சி கட்டுக்கடங்காமல் பொங்கியது. செயல்படத் தூண்டியபோது தணிந்தது.

ஆகவே மூளைக்கு இதில் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. கட்டளை இறங்கும் தெரு எது என்பதில்தான் வழக்கு. என் பார்வையில், ஐந்து கண்ணிகளையும் ஒரே வண்ணப்படத்தில் வரைந்து 'நிரூபிக்கப்பட்ட பாதை' என்று பரப்பும் விளம்பரங்கள் இந்த வழக்கை மறைப்பது நேர்மையான செயலன்று.

மனிதர்களில் முதல் சோதனை

2016-இல் வெளியான முதல் மனித ஆய்வு ஆம்ஸ்டர்டாமின் பால் பீட்டர் டாக், ஃப்ரீடா கூப்மன் ஆகியோரும் டிரேசியும் சேர்ந்து நடத்தியது. நோயாளிகள் நெதர்லாந்து, போஸ்னியா, குரோஷியா நாடுகளைச் சேர்ந்தவர்கள். பங்கேற்றோர் 17 பேர் மட்டுமே. வலிப்பு நோய்க்கென அமெரிக்காவில் 1997-இலேயே அனுமதிக்கப்பட்ட வேகஸ் தூண்டல் கருவி இவர்களுக்குப் பொருத்தப்பட்டது. சிலர் மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பணியாதவர்கள். மற்றவர்கள் பல உயிரியல் மருந்துகளையும் முயன்று தோற்றவர்கள்.

இந்த ஆய்வின் சுவையான பகுதி 42-ஆம் நாளில் இருக்கிறது. அதுவரை நாள்தோறும் தூண்டல் நடந்தது. இரத்தச் செல்கள் சுரக்கும் டி.என்.எஃப் அளவு குறைந்து, மூட்டுகளின் நிலையும் மேம்பட்டிருந்தது. அன்று கருவி நிறுத்தப்பட்டது. அடுத்த இரண்டு வாரங்களில் டி.என்.எஃப் மீண்டும் ஏறியது, மூட்டு நிலையும் மோசமானது. 56-ஆம் நாளில் மறுபடி இயக்கியதும் இரண்டும் இறங்கின. பலன் தூண்டலால்தான் வந்தது என்பதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு நல்ல அறிகுறி. ஆனாலும் போலிச் சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. கருவி எப்போது நிறுத்தப்பட்டது என்பது தெரிந்திருந்தால், நோயாளியின் எதிர்பார்ப்பே வலி மதிப்பெண்ணை மாற்றிவிடக்கூடும்.

242 பேரின் எண்களை எவ்வாறு படிப்பது?

அனுமதிக்கு அடிப்படையானது ரீசெட்-ஆர்.ஏ என்னும் பெரிய சோதனை. அமெரிக்காவின் 41 மையங்களில் 242 நோயாளிகள் பங்கேற்றனர்; குறைந்தது ஓர் உயிரியல் மருந்தோ ஜேக் தடுப்பானோ பலன் தராதவர்கள், அல்லது அதைத் தாங்க இயலாதவர்கள். எல்லாருக்கும் அறுவை சிகிச்சை செய்து கருவி பொருத்தப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டுமே அது இயக்கப்பட்டது. யாருக்கு இயங்குகிறது என்பது நோயாளிக்கும், மூட்டுகளைப் பரிசோதித்த மருத்துவருக்கும் மறைக்கப்பட்டது. மெத்தோட்ரெக்சேட் போன்ற வழக்கமான மருந்துகள் பின்புலத்தில் தொடர்ந்தன.

12 வாரங்களுக்குப்பின் ஏ.சி.ஆர்-20 என்னும் அளவுகோலை எட்டியவர்கள் தூண்டல் பெற்ற குழுவில் 35.2 விழுக்காடு, பெறாத குழுவில் 24.2 விழுக்காடு. இந்த எண்களை மூன்று படிகளில் படிக்க வேண்டும்.

முதலில், அளவுகோல் எதைக் கேட்கிறது? தொட்டால் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையும், வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையும் குறைந்தது 20 விழுக்காடு இறங்க வேண்டும். அத்துடன் வலி, நோயாளியின் மதிப்பீடு, மருத்துவரின் மதிப்பீடு, அன்றாட இயலாமை, இரத்தத்தின் அழற்சிக் குறியீடு என்னும் ஐந்தில் மூன்றும் அதே அளவு மேம்பட வேண்டும். 20 மூட்டுகளில் வலியும் 15 மூட்டுகளில் வீக்கமும் இருந்தவருக்கு அவை 16 ஆகவும் 12 ஆகவும் குறைந்தால் இந்தப் பகுதி நிறைவேறிவிட்டது. மாற்றம் உண்மைதான், ஆயினும் அந்த நோயாளி காலையில் 12 வீங்கிய மூட்டுகளோடுதான் எழுந்திருக்கிறார். 'குணம்' என்னும் சொல்லுக்கு இங்கே இடமில்லை.

அடுத்து, இயங்காத கருவியோடு இருந்தவர்களிலும் நான்கில் ஒருவர் இந்த இலக்கை எட்டியிருக்கிறார். நோயின் இயல்பான ஏற்றத்தாழ்வு, தொடர்ந்த மருந்துகள், அறுவை சிகிச்சை தந்த நம்பிக்கை ஆகியவை இதற்குள் அடங்கும். ஆகவே தூண்டலுக்கென்று வரவு வைக்கத்தக்கது இரண்டுக்கும் இடையிலுள்ள 11 விழுக்காட்டுப் புள்ளிகளே. வேறுவிதமாகச் சொன்னால், ஒன்பது பேருக்குக் கருவி இயக்கப்பட்டால், இயக்காமலிருந்தபோது கிடைத்ததற்கும் மேலாக ஒருவர் இலக்கை எட்டுகிறார். பல மருந்துகள் தோற்ற நோயாளிகளிடம் இது புறக்கணிக்கத்தக்க பலனில்லை, வியப்பூட்டும் பலனுமில்லை.

மூன்றாவதாக, 12 வாரங்களுக்குப்பின் எல்லாருக்கும் கருவி இயக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் நான்கில் மூன்று பங்கினர் உயிரியல் மருந்தோ ஜேக் தடுப்பானோ சேர்க்காமல் இருந்தனர் என்று நிறுவனம் தெரிவித்தது. கேட்கச் சிறப்பாக இருக்கும் இந்த எண்ணுக்கு ஒப்பீட்டுக் குழு கிடையாது என்பதால், 35.2-க்கும் 24.2-க்கும் தரும் எடையை இதற்குத் தர முடியாது. ஒரு மருந்தைச் சேர்க்காமலிருப்பதும் அது தேவைப்படாத அளவுக்கு நோய் அடங்கியிருப்பதும் ஒன்றல்ல.

பாதுகாப்பைப் பொறுத்தவரை முடிவுகள் ஆறுதலளிப்பவை. கருவியோடோ அறுவை சிகிச்சையோடோ தொடர்புடைய கடும் பாதிப்புகள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. குரல்வளைக்குச் செல்லும் நரம்பு வேகஸின் கிளையே ஆதலால் குரல் கரகரப்பது எதிர்பார்க்கத்தக்க பக்கவிளைவு. நிமிடக் கணக்கில் முடியும் கம்பியில்லாத மின்னேற்றத்தை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். பத்தாண்டுவரை உழைக்கும்படி கருவி வடிவமைக்கப்பட்டுள்ளது.

நாளுக்கு ஒரு நிமிடம் எப்படிப் போதும் என்பது இயல்பாக எழும் கேள்வி. மேக்ரோஃபேஜுக்குள் டி.என்.எஃப் தயாரிப்பு ஒருமுறை தணிக்கப்பட்டால் அந்நிலை தூண்டல் நின்றபின்னும் பல மணி நேரம், விலங்குச் சோதனைகளில் ஒரு நாளுக்கு மேலும்கூட, நீடிப்பது காணப்பட்டிருக்கிறது. மண்ணீரலில் தணிக்கப்பட்ட செல்கள் இரத்தத்தில் கலந்து மூட்டுக்குச் செல்வதால் அங்கே மாற்றம் தெரிகிறது என்பது இதையொட்டிய விளக்கம். ஏற்கத்தக்க ஊகம் என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம்.

காதில் மாட்டும் கருவிகள்

வேகஸின் சிறு கிளையொன்று காதுமடலின் உட்குழிவின் தோலுக்கு வருகிறது. அதன்மேல் மின்முனையை மாட்டினால் அறுவையின்றி அதே பலன் கிடைக்கும் என்ற கருத்தில் பல கருவிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. ஒப்பீட்டுக் குழு இல்லாத தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 113 முடக்குவாத நோயாளிகளிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு நடத்தி 2023-இல் வெளியிட்ட சோதனையில் இரு குழுக்களுக்குமிடையே வேறுபாடு தென்படவில்லை. கழுத்துக்குள் பொருத்தும் கருவிக்குக் கிடைத்த அனுமதியைக் காட்டிக் காதுக் கருவியை விற்பவர்களிடம் இந்த ஒரு முடிவைப் பற்றிக் கேட்டாலே போதும். குளிர்ந்த நீரில் முகம் கழுவுதல், ஆழ்ந்து மூச்சுவிடுதல் ஆகியவற்றால் வேகஸைத் தூண்டி மூட்டுவாதத்தைப் போக்கலாம் என்னும் காணொளிகளுக்கும் இது பொருந்தும். மூச்சுப் பயிற்சி மனத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லதாக இருக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த அது காரணமாகாது. மருந்தின்றிக் கழியும் மாதங்களில் எலும்பில் ஏற்படும் அரிப்பு பின்னர் ஆறுவதில்லை.

மூட்டுக்குள் வந்து சேரும் மற்ற நரம்புகள்

வேகஸைச் சுற்றியே செய்திகள் சுழன்றாலும், முடக்குவாதத்தில் நரம்புகளுக்குப் பங்கு உண்டு என்பதற்கான பழைய தடயம் வேறிடத்தில் இருக்கிறது. பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தவருக்குப் பின்னாளில் முடக்குவாதம் வந்தால், செயலிழந்த பக்கத்து மூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பிரிட்டனில் தாம்சனும் பைவாட்டர்ஸும் 1962-இல் இத்தகைய நோயாளிகளைப் பதிவு செய்தனர். இரத்தம் இரு பக்கமும் ஒன்றே, அதிலுள்ள தன்னெதிர்ப்பொருளும் ஒன்றே. மாறியது நரம்பின் நிலையும் மூட்டின் அசைவும் மட்டும்.

1984-இல் ஜான் லெவைனும் ஆலன் பாஸ்பாமும் எலிகளில் காட்டியது இதற்கு ஒரு விளக்கம் தந்தது. வலியை உணர்த்தும் நரம்புகளின் நுனிகள் 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் பொருளை மூட்டுக்குள் கசியவிட்டு அழற்சியைக் கூட்டுகின்றன. பின்னர் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் ரைனர் ஸ்ட்ராப் குழு, முடக்குவாத நோயாளிகளின் மூட்டுறைச் சவ்வை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பரிவு நரம்பின் இழைகள் அங்கே மிகவும் அருகிவிட்டதையும், சப்ஸ்டன்ஸ் பி சுரக்கும் உணர்நரம்புகள் நிலைத்திருப்பதையும் கண்டது. அழற்சியைத் தணிக்க வல்ல நரம்பு பின்வாங்க, அதைத் தூண்டும் நரம்பு களத்தில் நிற்கிறது.

2024-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகமும் எலும்பு, மூட்டு நோய்களுக்கான சிறப்பு மருத்துவமனையும் இணைந்து வெளியிட்ட ஆய்வு இன்னொரு புதிரை எடுத்துக்கொண்டது. சில நோயாளிகளின் மூட்டுறையில் வெள்ளையணுக்களின் ஊடுருவல் குறைவு. ஆனால் வலி மட்டும் கடுமை. அவர்களது சவ்வின் இணைப்புத் திசுச் செல்கள் நெட்ரின்-4 போன்ற புரதங்களை வெளியிட்டு, வலி நரம்புகளை வளர்ந்து கிளைவிடத் தூண்டுகின்றன என்று அவ்வாய்வு காட்டியது. மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் வலி குறையவில்லை என்று முறையிடும் ஒரு பகுதியினரின் நிலைக்கு இது பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது. அத்தகையவர்களிடம் தணிப்பதற்கு டி.என்.எஃப் அதிகமில்லை. வேகஸ் கருவி செயல்படுவதோ டி.என்.எஃப் போன்ற சைட்டோகைன்களைக் குறைப்பதன் மூலமே. ஆகவே வீக்கமும் இரத்தத்தின் அழற்சிக் குறியீடும் அடங்கி, வலி மட்டும் எஞ்சியிருக்கும் நோயாளிக்கு இக்கருவி எந்த அளவு உதவும் என்பதை ஏ.சி.ஆர்-20 என்னும் கூட்டு மதிப்பெண் சொல்லாது. அதற்கு வலியையும் வீக்கத்தையும் பிரித்து அளக்கும் தனிச் சோதனை வேண்டும்.